குழாயை மூடிய பிறகு

"ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இப்பவே பேசிடலாம்."

"பேசு."

"உன் ஆண்டவரை நான் கேலி பண்ண மாட்டேன். நீ சர்ச்சுக்குப் போறதை ஒரு நாளும் தடுக்க மாட்டேன். ஆனா என்னைக் கூப்பிடக் கூடாது. ஒரு தடவைகூட."

"கூப்பிட்டா?"

"வந்துடுவேன். நீ கூப்பிட்டு எதுக்கு நான் வராம இருந்திருக்கேன்? அப்புறம் நம்பாத இடத்துல நல்ல பிள்ளையாட்டம் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். அது எனக்கும் பொய், உனக்கும் பொய்."

"சரி."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன்."

அவள் யோசிக்கவில்லை. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தபோது, ஓடும் பேருந்தில், ஜன்னல் காற்றில் முடி முகத்தில் அடிக்க அவள் சொன்ன 'சரி' அது. எங்கே இவன் மனசு மாறிவிடுவானோ என்ற பயத்தில் வாய் முந்திக்கொண்டது. அந்த ஒரு சொல் பத்து வருஷமாக அவளுக்குள் செருப்பில் சிக்கிய கல்லாகக் கிடந்தது. நடக்கலாம். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் உட்கார்ந்ததும் பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துக்கொள்வாள், யாரோ வரப்போவது போல. "வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்று யாராவது கேட்டால், "வேலை" என்பாள். எந்தக் கட்டட என்ஜினியருக்கு எல்லா ஞாயிறும் வேலை என்று கேட்டவர்களும் மேற்கொண்டு கேட்டதில்லை.

அவர்கள் இருவரும் கல்லூரியின் விவாதக் குழுவில் பழகிக் காதலித்தவர்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எந்தச் சண்டையானாலும், சோபாவை எந்தச் சுவரோரம் போடுவது என்பதானாலும், ஒரு பாட்டில் மூடியைச் சுண்டிவிடுவார்கள். மூடி மல்லாந்தால் மனைவி அந்தப் பேச்சை ஆதரிக்க வேண்டும், கவிழ்ந்தால் எதிர்க்க வேண்டும். கணவனுக்கு மற்றது. சொந்தக் கருத்து என்னவாக இருந்தாலும் கவலையில்லை. சமையலறையில் நேரம் வைக்கும் முட்டை வடிவ மணி ஒன்று இருந்தது. அது அடித்தால் பேச்சை நிறுத்திவிட வேண்டும். இதனால் அந்த வீட்டில் கத்தல் கிடையாது. வெளியார் பார்த்தால் கண் படும் அளவுக்கு ஒற்றுமை.

விசுவாசத்தை மட்டும் அந்த மூடிக்குக் கீழே இருவரும் கொண்டுவந்ததில்லை. இந்தச் சனிக்கிழமை வரை.

மதியச் சாப்பாட்டுக்கு, அவள் அண்ணி என்று கூப்பிடும் கணவனின் அக்காவும், அவனோடு அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பனும் வந்திருந்தார்கள். நண்பனை எல்லோரும் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். தாடியை எடுத்து மூன்று வருஷமாகிறது, பெயர் மட்டும் போகவில்லை. சாப்பிட்டு முடித்து அவள் பழம் நறுக்கிக்கொண்டிருந்தபோது தாடிதான் ஆரம்பித்தான்.

"கண் டாக்டர் அம்மா, நாளைக்கு வழக்கம்போல சர்ச்சா?"

"நான் டாக்டர் இல்ல. கண்ணாடிக் கடையில பவர் பாக்கிறவ."

"சரி, பவர் பாக்கிற அம்மா. கண்ணுக்குள்ள எது எங்க இருக்குன்னு படிச்சவ நீ. இந்தக் காலத்துலயும் எப்படி இதையெல்லாம் நம்புற? சண்டைக்குக் கேக்கல. சத்தியமா எனக்குப் புரியல."

"ஏண்டா, அவளைச் சும்மா விடு," என்றாள் அண்ணி. அவளுக்கும் கடவுள் பக்கம் போக்குவரத்து கிடையாது. "இல்லாட்டி அவங்க வழக்கப்படியே மூடியைச் சுண்டுங்க. நான் நடுவர். தம்பி, எடு அந்த முட்டையை."

கணவன் அவள் முகத்தைப் பார்த்தான். "வேண்டாம்னா வேண்டாம்," என்றான்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பாத்திரம் கழுவும்போதும், கடையில் லென்ஸ் துடைக்கும்போதும், இந்தக் கேள்விக்கான பதிலை எத்தனையோ தடவை மனசுக்குள் பேசிப் பார்த்திருந்தாள். ஒரு தடவையாவது சத்தமாகச் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. "சுண்டு," என்றாள்.

மூடி மேசையில் சுழன்று, பழத்தட்டில் இடித்து, கவிழ்ந்து விழுந்தது.

கடவுள் இல்லை என்று அவள் பேச வேண்டும். இருக்கிறார் என்று அவன்.

தாடி மேசையைத் தட்டிச் சிரித்தான். "இதுக்கு டிக்கெட்டே போடலாம்."

கணவன் முட்டையைத் திருகி வைத்துவிட்டு எழுந்தான்.

"எனக்கு வேதமெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது பாரம். ஒரு உத்திரத்துல பாரம் குறைஞ்சா, அது காணாமப் போகலைன்னு அர்த்தம். எங்கயோ ஒரு தூண் அதை வாங்கியிருக்கு. எனக்கு ஒருத்தரைத் தெரியும். அவங்க சமையலறைக் குழாயைத் திறந்து விட்டுட்டுதான் ஜெபம் பண்ணுவாங்க, வீட்ல இருக்கிறவனுக்குக் கேக்கக் கூடாதுன்னு. திறக்கும்போது தோள் ரெண்டும் காதுவரைக்கும் ஏறியிருக்கும். மூடும்போது இறங்கியிருக்கும். எங்க குழந்தை வயித்துலயே தவறிப் போன அந்த வருஷம் பூரா இதை நான் கதவோரம் நின்னு பாத்தேன். அவ்வளவு பாரத்தை என்னால வாங்க முடியல. யாரோ வாங்கியிருக்காங்க. யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா தூண் இல்லைன்னு என்னால கையெழுத்துப் போட முடியாது."

முட்டை அடிக்கும் முன்பே உட்கார்ந்துவிட்டான்.

அவளுக்குக் காது சூடானது. தெரியுமா இவனுக்கு? இத்தனை நாளும்? அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் அண்ணி முட்டையைத் திருகிவிட்டாள். அது டிக் டிக்கென்று ஓட ஆரம்பித்ததும், கல்லூரி மேடைகளில் பழகிய வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எதிரணி நண்பர் உருக்கமா பேசினார். ஆனா தோள் இறங்கினதுக்குத் தூண் எதுக்கு? அழுதா யாருக்கும் தோள் இறங்கும். குழந்தைக்கு இறங்கும், குடிச்சவனுக்கு இறங்கும். ஒருத்தங்க குழாயைத் திறந்துவிட்டு அழுதாங்கன்னா, அது கடவுளுக்குச் சாட்சி இல்ல. தண்ணி வரி ஏன் கூடிச்சுங்கிறதுக்குத்தான் சாட்சி."

தாடிக்குப் புரையேறிவிட்டது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஜெயிச்சுட்டா. தம்பி, உன் தூண் விழுந்துடுச்சு."

கணவனும் சிரித்தான். கையைத் தட்டினான். ஆனால் அவன் கண் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நறுக்கிய பழத்தையே மறுபடி நறுக்கினாள். கழுவிய தம்ளரை மறுபடி கழுவினாள். தண்ணீர் குடிக்க எழுந்தவள், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தன் வீட்டுச் சாமானைத் தானே தெருவில் வீசிவிட்டு, அதற்குக் கைதட்டலும் வாங்கிய மாதிரி இருந்தது. மனசுக்குள், 'ஆண்டவரே, அது வெறும் விளையாட்டு,' என்றாள். அவருக்கு அது தெரியும். அதனால் என்ன? விளையாட்டு என்று அவளுக்கே படவில்லை.

வெயில் தாழ்ந்ததும் தாடி செருப்பை மாட்டினான். "அப்போ நீயும் நம்ம கட்சி. நாளைக்குக் காலையில நிம்மதியா தூங்கு."

"இல்ல," என்றாள் அவள்.

"என்ன இல்ல?"

"நான் உன் கட்சி இல்ல. மூடி அப்படி விழுந்துச்சு, அப்படிப் பேசினேன். நான் இயேசுவை நம்புறேன். விளையாட்டுக்கு இல்ல, வீட்ல பழக்கம்னும் இல்ல. நாளைக்கும் போவேன்."

வாசற்படியில் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

"ஆதாரம்?" என்றான் தாடி, பாதி விளையாட்டாக.

"மேசையில எடுத்து வைக்கிற மாதிரி எதுவும் என்கிட்ட இல்ல. ஆனா நீ போட்டிருக்கிற கண்ணாடி எப்படி வந்துச்சு? நான் லென்ஸை மாத்தி மாத்தி வச்சு, இது தெளிவா, அது தெளிவான்னு கேட்டேன். நீ சொன்னே. உன் கண்ணுக்குள்ள போய் நான் பாக்கல. மெஷின் ஒரு நம்பர் காட்டுச்சு. ஆனா கடைசியில நீ சொன்னதை நம்பித்தான் எழுதிக் கொடுத்தேன். எனக்கு எதுல தெளிவா தெரியுதுன்னு நான் சொல்றேன். நீயும் கொஞ்சம் நம்பு."

தாடி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான். "அதான் இது கொஞ்சம் மங்கலாவே இருக்குன்னு நினைச்சேன்."

"துடைச்சா தெரியும்."

அவன் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே படி இறங்கினான். அவன் ஒன்றும் மாறிவிடவில்லை. அடுத்த சனிக்கிழமையும் கேட்பான். அண்ணி மட்டும் போகும்போது அவள் கன்னத்தைத் தட்டி, "முட்டை இல்லாமலும் பேசுவே போல," என்றாள்.

கதவைச் சாத்தினாள். அவள் நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர், பாத்திரம் கழுவும் தொட்டியில் அடித்து விழுந்தது. வாய் அசைந்தது, ஒரு சொல்லும் வரவில்லை. பின்னால் அவன் தட்டுகளோடு வந்து நிற்பது திரும்பாமலே தெரிந்தது.

"தப்பா எடுத்துக்காத," என்றான். "குழாய் விஷயத்தை நான் எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கக் கூடாது. பேச வேற ஒண்ணும் கிடைக்கல."

"நிஜமாவா சொன்னே? இல்ல, மூடி அந்தப் பக்கம் விழுந்ததுக்காகவா?"

அவன் தட்டுகளைக் கீழே வைத்தான். "பாதி பாதி. எந்தப் பாதி எதுன்னு எனக்கே தெரியல. அதான் மதியத்துலேர்ந்து ஒரு மாதிரியா இருக்கு."

அவள் குழாயை மூடினாள். கடைசிச் சொட்டு விழுந்து அடங்கியதும் வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதே அவளுக்குப் புதுசாக இருந்தது.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள். "ரொம்ப நாளா."

அவன் கை பழக்கதோஷத்தில் அலமாரிப் பக்கம் போனது.

"முட்டை வேண்டாம். மூடியும் வேண்டாம்."

அவன் கையை எடுத்துக்கொண்டான். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருப்பது அவளுக்கே தெரிந்தது. பேருந்தும், ஜன்னல் காற்றும், அவசரமாகச் சொன்ன அந்தச் 'சரி'யும் மனசுக்குள் ஒன்றையொன்று முட்டின. நான் கூப்பிட்டால் இவன் வந்துவிடுவான். அதற்குப் பயந்துதான் இத்தனை நாளும் கூப்பிடவில்லை.

"நாளைக்கு என்கூட சர்ச்சுக்கு வா," என்றாள். "நீ நம்ப வேண்டாம். பாட வேண்டாம், கண்ணை மூட வேண்டாம். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு வெளிய வந்து சொல்லு. என் பக்கத்துல மட்டும் உக்காரு."