ஹியாமின் நீலக் கிண்ணம்

எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி பாதாமாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். இந்த வழக்கத்தால் நான் ஒரு வருஷம் பட்ட பாடு இருக்கிறதே!

மேல்மாடி ஹியாமும் நானும் சேர்ந்து பெக்கா பள்ளத்தாக்குப் பண்ணை ஒன்றின் விளைச்சலில் ஒரு பங்கு வைத்திருந்தோம். வியாழன்தோறும் வேனில் காய்கறிக் கூடை வரும். நிலம் என்ன கொடுத்ததோ அதுதான் கூடையில். அது வேண்டாம், இது வேண்டும் என்று அடம்பிடிக்க முடியாது. ஆளுக்குப் பாதி. பல வருஷமாக என் சமையலறையில் காபி குடித்துக்கொண்டே பிரித்தோம்.

போன இலையுதிர் காலத்தில் அவள் தன் நீலக் கிண்ணம் நிறைய மக்தூஸ் கொடுத்தனுப்பினாள். சின்னக் கத்திரிக்காயை வேகவைத்து, உப்பிட்டு, பாரம் வைத்துத் தண்ணீரை வடித்து, அக்ரூட்டும் பூண்டும் அடைத்து, ஆலிவ் எண்ணெயில் ஊறப்போடுவது. கொஞ்சம் தண்ணீர் தங்கினாலும் நுரைத்துப் புளித்துவிடும். அவளுடையது புளித்திருந்தது. தின்றோமா, வாயைத் துடைத்தோமா என்று இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? மாடிப்படியில் நாலு பேர் முன்னால், "ஹியாம் ஜாடியில மீன் வளர்க்கலாம், அவ்வளவு தண்ணி!" என்று சொல்லித் தொலைத்தேன். திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே நிற்கிறாள்.

அதுவரை வெறும் நஜாத்தாக இருந்த நான் அன்றிலிருந்து அவளுக்கு "மதாம் நஜாத்" ஆகிவிட்டேன். கிண்ணம் என் அலமாரியிலேயே தங்கிவிட்டது. காலியாகக் கொடுத்தால் அவமானம். எதையாவது போட்டுக் கொடுத்தால் நான் இறங்கி வந்ததாக ஆகிவிடும். நானாவது, இறங்குவதாவது!

கூடை மட்டும் நிற்கவில்லை. மாடியிலிருந்து வேனைப் பார்த்ததும் அவள் ஓடிவந்து தன் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை என் வாசலில் வைப்பாள். அதிலும் ஒரு குசும்பு. டர்னிப் கிழங்கு முழுவதும் அவளுக்கு, பீட்ரூட் முழுவதும் எனக்கு. டர்னிப் ஊறுகாயில் ஒரு துண்டு பீட்ரூட் போட்டால்தான் ரோஜா நிறம் பிடிக்கும். ஆக, அவள் வீட்டு ஊறுகாய் வருஷம் முழுக்க வெள்ளை. என் வீட்டில் ஊறுகாயே இல்லை. வாடாமல் இருக்கட்டும் என்று பால்கனி மணல் பெட்டியில் பீட்ரூட்டைப் புதைத்துப் புதைத்து எனக்குக் கை சலித்தது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் வேன்காரர் ஷுக்ரி சொன்னார்: "அக்கா, இனிமே முழுக் கூடையும் உங்களுக்குத்தான். மேல்வீட்டு அக்கா பத்ரூன்ல பொண்ணு வீட்டோட போயிடறாங்களாமே. புதன்கிழமை லாரி வருதாம்."

பேசாமலே போய்விடுவாளா? என்னிடமா?

"மேல போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வாயேன்" என்றார் என் கணவர் ஃபௌசி.

"நீங்க வாயை மூடிக்கிட்டு அக்ரூட்டை உடைங்க!"

ஆமாம், மக்தூஸ்தான். கிண்ணத்தை மக்தூஸ் போட்டே திருப்பிக் கொடுப்பது, எப்படிச் செய்ய வேண்டும் என்றும் காட்டிவிடுவது! அன்றைய கூடையில் வந்த கத்திரிக்காயை வேகவைத்து, உப்பிட்டு, மேலே இரும்பு உரலைத் தூக்கி வைத்தேன். எண்ணெயில் ஊறவும் நாள் வேண்டுமே என்று, மூன்று நாள் இருக்க வேண்டிய பாரத்தை அவசரத்தில் ஒரே நாளில் எடுத்துவிட்டேன்.

புதன்கிழமை காலை அலமாரியைத் திறந்தால் ஜாடி நுரை தள்ளிக்கொண்டிருந்தது. எண்ணெய் வழிந்து கீழே இருந்த ஃபௌசியின் செருப்பெல்லாம் நனைந்திருந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கீழே லாரி வந்து நின்றது. வேறு வழி? அதையே கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு மாடி ஏறினேன்.

ஹியாம் பெட்டிகளுக்கு நடுவில் நின்றாள். கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றை எடுத்துக் கடித்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"மீன் எங்கடி?" என்றாள்.

"செத்துப் போச்சு" என்றேன். "ஹியாம், அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தப்புதான்."

"இதைச் சொல்ல உனக்கு ஒரு வருஷம் ஆச்சா, கழுதை!" என்று பெட்டிமேல் உட்கார்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

பிறகு மக்தூஸைத் தன் ஜாடிக்கு மாற்றி, கிண்ணத்தைக் கழுவி, செய்தித்தாளில் சுற்றப் போனாள். அதுவும் பெட்டிக்குள் போய்விட்டால் எல்லாம் தீர்ந்தது. கையை நீட்டினேன்.

"அதை இப்படிக் குடு."

"எதை?"

"கிண்ணத்தை."

"என் கிண்ணம்டி அது!"

"தெரியும். குடு. காலியா குடுத்துடாத."

ஹியாம் செய்தித்தாளைக் கீழே போட்டாள். உள்ளே போய், அங்கே மிஞ்சிக் கிடந்த டர்னிப்பை எல்லாம் கிண்ணத்தில் கோபுரமாக அடுக்கிக்கொண்டு வந்தாள்.

"ஊறுகாய் போடு. பத்து நாள்ல ஊறிடும். பத்ரூனுக்கு பஸ் ஏறி நீயே கொண்டுவரணும், ஃபௌசிகிட்ட குடுத்து அனுப்பற வேலையெல்லாம் வேண்டாம்" என்றாள். "நல்லா சிவந்திருக்கணும். பீட்ரூட் பூரா உன்கிட்டதான இருக்கு!"

அன்று மதியமே மணல் பெட்டியைத் தோண்டினேன். இன்றோடு எட்டு நாள். ஜாடி நன்றாகச் சிவந்துவிட்டது. காலையில் ஃபௌசி ருசி பார்க்க மூடியில் கை வைத்தார். அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினேன்.