வெறும் கேஸ்தான்

"கால் வழுக்கிடுச்சு. அவ்வளவுதான். விடும்மா."

"தூங்காத மனுஷனுக்கு வழுக்காம என்ன செய்யும் மாமா? ராத்திரி பூரா உக்காந்தே இருந்தாரு. உங்ககிட்டயும்தானே சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?"

"எல்லாருக்கும் வயித்துல வர்ற கேஸ்தான்னேன். அதுக்கு இப்ப நான்தான் காரணமா?"

கூடத்தில் பெரியண்ணனும் சின்ன அண்ணியும் குரலை அடக்கிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் சின்ன அண்ணன் வெள்ளைத் துணிக்குள் கிடந்தான். காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவன். நேற்று லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை செய்தபோது கீழே விழுந்துவிட்டான். சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த தங்கைக்கு எல்லாம் கேட்டது.

அந்த வீட்டில் எதற்கும் கேஸ்தான். நெஞ்சு படபடத்தால் கேஸ். கை நடுங்கினால் கேஸ். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தாலும் கேஸ். "நம்ம வீட்டுக்கு சிலிண்டரே வேண்டாம், என் வாயில ஒரு குழாயை மாட்டிக்கோங்க" என்று அவனே சொல்லிச் சிரிக்க வைப்பான். பயமாக இருக்கிறது என்று அவன் சொல்லி யாரும் கேட்டதில்லை.

தங்கை எட்டிப் பார்த்தாள். தலைமாட்டில் நின்ற சின்ன அண்ணன் மகள் கட்டைவிரலால் நெஞ்சுக்குழியை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா செய்வது போலவே. உதடு வெளுத்திருந்தது. தங்கை பக்கத்தில் போய்க் கேட்டாள்.

"என்னடி பண்ணுது?"

"ஒண்ணுமில்ல அத்தை. கேஸ்."

தெருமுனை கிளினிக் டாக்டர் வந்து சற்று நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினார். அண்ணி விடவில்லை.

"உங்ககிட்ட எத்தனை தடவை வந்தாரு டாக்டர்."

"வந்தார்மா. என்ன பண்ணுதுன்னு கேட்டேன். கேஸ்னார். ஈசிஜி எடுத்தேன், நல்லா இருந்துச்சு. கேஸுக்கு எழுதிக் குடுத்தேன்." வாசலில் குனிந்து செருப்பைத் தேடினார். "தூக்கம் வருதான்னு நான் கேக்கல."

தங்கை ஈரக் கையோடு வாசலை மறித்தாள்.

"இவளைப் பாத்துட்டுப் போங்க டாக்டர்."

"அவளுக்கு என்னடி? எடுக்கற நேரத்துல" என்றார் பெரியண்ணன்.

"நீ சும்மா இருண்ணே."

டாக்டர் திரும்பி வந்து தரையிலேயே அந்தப் பெண்ணின் எதிரில் உட்கார்ந்தார். அவளையும் உட்கார வைத்து நாடி பிடித்தார்.

"என்னம்மா பண்ணுது?"

"கேஸ்."

"சரி, கேஸை விடு. தூங்குறியா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"எப்பலேர்ந்து?"

"வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து. பஸ்ல ஏறினாலே செத்துருவேன்னு தோணும். அப்பாகிட்ட சொன்னேன். எனக்கும் அப்படித்தாம்மா வரும், வெறும் கேஸ்தான்னார்."

பெரியண்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"இதுக்கு வைத்தியம் இருக்கும்மா. நாளைக்கு வா. தனியா வராதே" என்றார் டாக்டர்.

"நான் கூட்டிட்டு வர்றேன்" என்றாள் தங்கை.

வெளியே வண்டி வந்து நின்றது. உடனே யாரும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண்ணின் கட்டைவிரல் இன்னும் நெஞ்சுக்குழியில்தான் இருந்தது. அதன் மேல் தங்கையின் ஈரக் கை.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் பயத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? கீழே எழுதுங்கள்.