சுகுணா தூக்கிய கை

பொழுது விடிந்ததும் சுகுணாவுக்கு முதல் வேலை தோட்டத்தில் சாமந்தி பறிப்பது. அன்றைக்குக் கூடையை எடுத்தவள் பள்ளிக்கூடத்துச் சுவரோரமே நின்றுவிட்டாள். பின்னே, நிற்காமல் என்ன செய்வாள்? சுவர் நீளத்துக்கு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 'பன்னிரண்டாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி!' ஒரு பக்கம் தலைமையாசிரியர் சௌந்தரராஜன் சிரிக்கிறார். இன்னொரு பக்கம், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி என்று சுகுணாவே கைகூப்பி நிற்கிறாள். நடுவில், எல்லாரையும்விடப் பெரிசாக, பள்ளியில் முதல் மதிப்பெண் எடுத்த யுவஸ்ரீ. சுகுணாவின் ஒரே மகள். பாகலூர் பக்கம் பூத்தோட்டத்தில் குனிந்து குனிந்தே இடுப்பொடிந்த பொம்பளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் யுவஸ்ரீக்கு வேண்டியது வேறு. கணக்கு என்றால் அவளுக்கு உயிர். அப்பா ஆனந்தராஜ் மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றும்போது கூடவே நின்று, "அடுத்த வாரம் வெலை எறங்கும்ப்பா, பூவெல்லாம் இன்னிக்கே பறிச்சுடு" என்பாள். பெரும்பாலும் அப்படியே நடக்கும். இப்படிக் கணித்துச் சொல்வதற்கென்றே புள்ளியியல் என்று ஒரு படிப்பு இருப்பதும், பெங்களூரில் பேர்போன ஒரு கல்லூரியில் நுழைவுத் தேர்வு வைத்து அதற்குப் பொறுக்கி எடுப்பதும் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. பள்ளியில் கணக்குப் பிரிவு கிடையாது. அதனால் என்ன என்று மொபைலில் பாடம் பார்த்து, தானாகவே படித்துக்கொண்டாள்.

விண்ணப்பிக்கும் முன்னால் நேரில் விசாரித்துவிடலாம் என்று தாயும் மகளும் பஸ் ஏறினார்கள். எல்லையைத் தாண்டி எத்தனையோ முறை போன ஊர்தான். அன்றைக்கு மட்டும் யுவஸ்ரீ ஜன்னல் கம்பியை விடவே இல்லை.

விசாரணை மேசையில் இருந்த பெண் சான்றிதழைப் பார்த்தாள். முகம் மாறியது.

"மேத்ஸ் இல்வா?"

"எங்க ஸ்கூல்ல இல்ல மேடம். நானே படிச்சிருக்கேன். இப்பவே ஒரு கணக்கு குடுங்க, போட்டுக் காட்டறேன்."

அந்தப் பெண் கெட்டவள் இல்லை. கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிப் பொறுமையாகத்தான் சொன்னாள். பன்னிரண்டாவதில் கணக்கு ஒரு பாடமாக இல்லாவிட்டால் நுழைவுத் தேர்வே எழுத முடியாது. மறுபடி பதினொன்றிலிருந்து இரண்டு வருஷம் கணக்கு எடுத்துப் படித்துவிட்டு வரலாம்.

"ஏனு மாடோக்காகல்லம்மா" என்றாள் கடைசியில். சுகுணாவுக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும். ஒன்றும் செய்ய முடியாது என்பதை எந்த மொழியில் சொன்னால்தான் என்ன?

திரும்பும் பஸ்ஸில் சுகுணா மகள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முகம் வேண்டாமா? கணக்குப் பிரிவு இல்லாமல் போனது எப்படி என்று அவளுக்குத் தெரியாதா? இரண்டு வருஷத்துக்கு முன் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சௌந்தரராஜன் சொன்னார். "நாலு பசங்க கணக்குல போயிட்டாங்கம்மா. அதனால நம்ம நூறு சதவீதம் கெட்டுப்போச்சு. கணக்கு வாத்தியார் போஸ்டும் காலி. கணக்கு இல்லாத சயின்ஸ் குரூப் மட்டும் வெச்சிக்கலாம். ரிசல்ட் எங்கயும் போவாது." முதலில் கை தூக்கியவள் தலைவி சுகுணா. பக்கத்து ஊர்ப் பள்ளி நூறு வாங்கிவிட்டது என்ற ரோஷம் வேறு.

ஓசூர் நெருங்கும்போது யுவஸ்ரீ வாய் திறந்தாள்.

"அன்னிக்கு நீ கை தூக்கறப்போ நான் ஜன்னலுக்கு வெளியதான் நின்னுட்டிருந்தேன்ம்மா. வேணாம்னு கத்தணும் போல இருந்துச்சு. நீ அவ்ளோ சந்தோஷமா இருந்த, அதான் வந்துட்டேன்."

"அந்த நாலு பேரு மாதிரி நீயும் ஃபெயிலாயிட்டா என்ன பண்றதுன்னுதான் கண்ணு..."

"ஃபெயிலாயிருந்தா திரும்ப எழுதியிருப்பேன். சேரவே விடாத பாடத்தை எப்பிடிம்மா திரும்ப எழுதறது?"

சுகுணா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்து சீட்டுக்காரி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

மறுபடி பதினொன்றாவதா என்று ஆனந்தராஜ் குதித்தார். யுவஸ்ரீ சண்டை போடவில்லை. அடுத்த வாரமே செல்போன் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். அப்பா இப்போதும் பூ விலை கேட்கிறார். "தெரிலப்பா" என்று சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். பெற்ற வயிறு எப்படித் தாங்கும்?

ஜூனில் மறுபடி மேலாண்மைக் குழு கூடியது. மாலை போட்டார்கள், லட்டு கொடுத்தார்கள். சௌந்தரராஜன் எழுந்தார்.

"பதினொண்ணாவதுக்கு இந்த வருஷமும் இதே குரூப்பைத் தொடரலாம். தலைவியம்மா என்ன சொல்றீங்க?"

கைகள் எழுந்தன. சுகுணாவின் கை மடியிலேயே கிடந்தது.

"கணக்கு குரூப் வேணும் சார்."

"வாத்தியாருக்கு எங்கம்மா போறது?"

"கிருஷ்ணகிரிக்குப் போவோம், கல்வி ஆபீஸ்ல உக்காருவோம். ரெண்டு வருஷமா ஒரு மனு குடுத்திருக்கோமா? இல்லாததே சவுரியம்னு இருந்துட்டோம்."

குழுவில் இருந்த கோவிந்தப்பனுக்குப் பொறுக்கவில்லை. "அன்னிக்கு மொதல்ல கை தூக்குனதே நீதானேம்மா?"

"ஆமாண்ணா, நான்தான். என் பொண்ணு கழுத்தை நானே நெறிச்சேன். இன்னொருத்தர் செய்யக்கூடாதுன்னுதான் சொல்றேன்."

சௌந்தரராஜன் மெதுவாகக் கேட்டார். "பசங்க ஃபெயிலானா யாரும்மா பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார். நாலு பேரு தோத்தா தோக்கட்டும், தூக்கி நிறுத்தத்தான் நாம இருக்கோம். நூத்துக்கு நூறு எடுத்தது இந்தப் பள்ளிக்கூடத்துச் சொவரு, நம்ம புள்ளைங்க இல்ல. தோத்துடுவாங்கன்னு பயந்து, அவங்க ஜெயிக்கற வழியையே அடைச்சிட்டோம் சார்."

கோவிந்தப்பன் தூக்கிய கையை இறக்கினார். பின்னாலிருந்து இன்னும் இரண்டு கைகள் இறங்கின. சௌந்தரராஜன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துச் சுகுணா பக்கம் நகர்த்தினார். "சரிம்மா, மனு எழுதுங்க" என்றார்.

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. யுவஸ்ரீயின் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றுகிற பஸ். சுகுணா எழுந்து ஜன்னலுக்கு ஓடினாள். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.