இலைக்கஞ்சி

மாம்புரியில் அவனை ஊமை ஸஜீத் என்றுதான் சொல்வார்கள். ஊமை ஒன்றும் இல்லை. மிளகாய் விலை, வெங்காயத்தில் விழுந்த புழு, தண்ணீர்ப் பம்பின் கோளாறு, எதைக் கேட்டாலும் மணிக்கணக்கில் கதைப்பான். மனசில் இருப்பதைச் சொல்லு என்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கலியாணமாகி இருபத்திரண்டு வருசம். மகள் ஷிம்லாவைக் கட்டிக்கொடுத்தும் ஆயிற்று. இத்தனை காலத்தில் பெண்சாதி ஸுஹைராவிடம் அன்பாக ஒரு சொல் சொன்னதாக அவளுக்கும் ஞாபகம் இல்லை, அவனுக்கும் ஞாபகம் இல்லை. போகட்டும், எத்தனையோ பேர் இப்படித்தான் காலத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

ஸுஹைராவின் நெஞ்சு ஓட்டவிடவில்லை. போன வருசம் கிணற்றடியிலிருந்து வீட்டு வாசலுக்கு நடக்கவே அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. படுத்தால் இருமல், எழுந்தால் களைப்பு. கொழும்புக்குப் போனார்கள். அங்கே டொக்டர் ஒரு கடதாசியில் நான்கு அறைகளைக் கீறிக் காட்டினார். நெஞ்சுக்குள் இருப்பது ஒட்டிப் பிறந்த இரண்டு பம்புகளாம். வலப்பக்கத்துப் பம்பு, உடம்பெல்லாம் சுற்றிக் களைத்து வரும் இரத்தத்தைச் சுவாசப்பைக்கு அனுப்புகிறது. அது அங்கே காற்றை வாங்கிக்கொண்டு இடப்பக்கத்து மேலறைக்கு வருகிறது, அங்கிருந்து கீழறைக்கு இறங்குகிறது. கீழறை இறுகிப் பிழிந்து அதை உச்சி முதல் உள்ளங்கால் வரை தள்ளிவிடுகிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. சின்ன வயதில் தொண்டை நொந்து, மூட்டெல்லாம் வீங்கி ஸுஹைராவுக்கு வந்த காய்ச்சல் அந்தக் கதவைப் பழுதாக்கிவிட்டது. கீழறை பிழியும்போது கதவு சரியாக மூடுவதில்லை. போகவேண்டிய இரத்தம் சுவாசப்பைப் பக்கம் திரும்பி வருகிறது.

“விளங்கிச்சா?” என்று டொக்டர் கேட்டார்.

விளங்காமல் என்ன? கிணற்றுக் குழாயின் அடியில் இருக்கும் வால்வு தேய்ந்தால் இதே கதைதான். பம்பு கத்திக்கொண்டு கிடக்கும், ஏறிய தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள்ளேயே விழும், தோட்டம் காயும். “அப்ப வால்வ மாத்தத்தானே வேணும், டொக்டர்” என்று ஸஜீதே சொல்லிவிட்டான். நெஞ்சைத் திறந்து உலோகக் கதவொன்றை வைத்துத் தைத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார்கள். உலோகத்தில் பட்டால் இரத்தம் உறையப் பார்க்கும். உறைந்த கட்டி கதவை அடைக்கலாம், இல்லாவிட்டால் மூளைக்கு ஓடி ஆளையே சாய்க்கலாம். அதனால் உறையாமல் வைக்கும் குளிசையை உயிருள்ளவரை போடவேண்டும். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுத்துப் பார்க்கவேண்டும். வருகிற இலக்கம் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்கவேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் நிற்காமல் கசியும். ஸஜீத் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனை வெல்ல ஆளில்லை.

வீட்டுக்கு வந்த ஸுஹைரா பாதியாகிப் போயிருந்தாள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தள்ளிக் கிடந்தாள். இவ்வளவு இரத்தம் போன உடம்புக்கு இரத்தம் ஊறவேண்டாமா? மூன்றாம் நாள் ஸஜீத் சுபஹு தொழுதுவிட்டுத் தோட்டத்துக்குப் போனான். முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணி என்று கைகொள்ளுமட்டும் பறித்து வந்தான். அடுப்படிப் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனுசன், அம்மியில் இலையை அரைத்து, சாறு பிழிந்து, சிவப்பரிசி போட்டுத் தேங்காய்ப்பால் விட்டு ஒரு கஞ்சி காய்ச்சினான். அடிப்பிடித்தது. அதைப் பெரிய கோப்பையில் ஊற்றி அவள் முன்னால் வைத்து, “குடி” என்றான். அவ்வளவுதான் அவனுடைய பேச்சு.

அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. அவள் கடைசிச் சொட்டு வரை குடித்து முடிக்கும்வரை எதிரே கதிரை போட்டு உட்கார்ந்திருப்பான். அந்த நேரம் அவனுக்குள் என்னென்னவோ பொங்கும். சொல்லத்தான் தெரியாது.

மாதாந்தக் கிளினிக்கில் இலக்கம் ஏறவே மாட்டேன் என்றது. ஒன்று தசம் ஆறு, ஒன்று தசம் எட்டு என்று இழுத்தது. ஒவ்வொரு முறையும் குளிசையைக் கூட்டினார்கள். இலக்கம் குறைவு என்று கேட்ட ஸஜீத் என்ன செய்தான் தெரியுமா? இரத்தத்துக்கு இன்னும் சத்துப் போதாது என்று நினைத்து, கஞ்சியில் இன்னொரு பிடி இலையைக் கூடப் போட்டான்! டொக்டர் அங்கே குளிசையைக் கூட்ட, இவன் இங்கே இலையைக் கூட்ட, நடுவில் பாவம் ஸுஹைரா இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தாள். “நாட்டு மருந்து ஏதும் குடுக்கிறீங்களா?” என்று ஒருமுறை டொக்டர் கேட்டார்தான். இல்லை என்றான். கஞ்சி என்ன மருந்தா? அது சாப்பாடு. அதோடு, இத்தனை சனம் இருக்கிற இடத்தில் பெண்சாதிக்குக் கஞ்சி காய்ச்சுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? ஆறாம் மாதம் குளிசை மூன்று மடங்கான பிறகு இலக்கம் இரண்டு தசம் ஆறுக்கு வந்து நின்றது. ஸஜீத் அல்ஹம்துலில்லாஹ் சொன்னான். கஞ்சிதான் வேலை செய்கிறது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

அப்போது ரமழான் நோன்பு வந்தது. குளிசையை இரவில் தவறாமல் போட்டால் நோன்பு பிடிக்கலாம் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். விடியுமுன் ஸஹருக்குச் சோறும் மீன் ஆணமும், நோன்பு திறக்கப் பள்ளிவாசல் கஞ்சி. பள்ளிக் கஞ்சியில் அரிசியும் தேங்காய்ப்பாலும் இஞ்சியும்தான், இலை ஏது? காலையில் காய்ச்சுகிற கஞ்சிக்கு அந்த மாதத்தில் இடமே இல்லை. நோன்பு முடியட்டும் என்று ஸஜீத் இலை பறிப்பதை நிறுத்தினான்.

பதினோராம் நோன்பன்று காலையில் ஸுஹைரா மிஸ்வாக் குச்சியால் பல் துலக்கினாள். பல் முரசிலிருந்து இரத்தம் வந்தது. கொப்பளித்தாள், வந்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள், அப்போதும் வந்தது. பத்து மணிக்கும் நிற்கவில்லை.

“ஷிம்லாட வாப்பா, ரெத்தம் தொண்டைக்குள்ள எறங்கிரிச்சு. நோன்பு முறிஞ்சிரிச்சே!” என்று அழுதாள்.

“நோன்பு கெடக்கட்டும், புள்ள. பொறகு ஒரு நாள் களாச் செஞ்சுக்கலாம். எழும்பு” என்றான் ஸஜீத்.

த்ரீவீலில் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு விரைந்தார்கள். இறங்கும்போது அவளுக்குத் தலை சுற்றியது. விழப்போனவளை மேல்கையில் பிடித்து நிறுத்தினான். பிடித்தது அவ்வளவுதான். வார்ட்டில் கட்டிலில் இருத்தி, பிரஷர் பார்க்க நர்ஸ் மிஸ் அவளுடைய சட்டைக்கையை மேலே தள்ளினாள். நான்கு விரல் தடம் நீலமாக எழும்பியிருந்தது. எண்ணிப் பார்க்கலாம், அவ்வளவு தெளிவு.

மிஸ் சிங்களப் பெண். தெரிந்த தமிழில் சத்தமாகக் கேட்டாள்: “இது யார் செஞ்சது? மாத்தயா, உங்க புருசன் அடிச்சதா?”

வார்டு முழுதும் திரும்பிப் பார்த்தது. வாயில் பஞ்சு திணித்திருந்த ஸுஹைரா இல்லை, இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினாள். பக்கத்துக் கட்டிலில் காலை நீட்டி இருந்த மக்டலின் என்ற பருத்த மனுசி ஸஜீதை மேலும் கீழும் பார்த்து, “நல்ல புருசன் வந்து வாச்சிருக்கான்” என்று முணுமுணுத்தாள். ஸஜீத் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றான். இந்தக் கையா? பிடித்தால் கன்றிப்போகிற அளவுக்கு அவளுக்கு என்ன நடந்துவிட்டது, யா அல்லாஹ்!

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இலக்கம் ஏழு தசம் எட்டு. டொக்டர் நிலக்ஷி சின்ன வயதுதான், ஆனால் கண் கூர்மை. கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தாள், ஸுஹைராவின் கண்ணுக்கு வெளிச்சம் அடித்துப் பார்த்தாள்.

“போன மாசம் இரண்டு தசம் ஆறு. குளிசையும் அதேதான். திடீரெண்டு இப்பிடி ஏறாது. என்ன மாத்தினீங்கள் அம்மா? புதுசா ஏதும் சாப்பிட்டீங்களா? சாப்பிட்டுக்கொண்டிருந்த எதையும் விட்டீங்களா?”

ஸுஹைரா பஞ்சை எடுத்தாள். அவனை ஒரு தரம் பார்த்தாள், தலையைக் குனிந்தாள். “ஒண்டுமில்ல, டொக்டர். நோன்பு மட்டும்தான்.”

“நல்லா யோசியுங்கோ. இண்டைக்கு முரசால வந்த ரத்தம் நாளைக்கு மூளைக்குள்ள வந்தா என்னால ஒண்டும் செய்ய ஏலாது. குளிசைய அப்பிடியே நிப்பாட்டவும் ஏலாது, வால்வு இறுகிடும். காரணம் தெரியாம நான் எந்த அளவில குளிசை தாறது?”

ஸஜீத் யோசித்துப் பார்த்தான். நோன்புக்கு முந்தி இருந்தது, நோன்போடு நின்றது. அவனுக்குத் தெரிந்தவரை ஒன்றே ஒன்றுதான். அது எப்படி? நல்லதுக்குத்தானே கொடுத்தான்! சொன்னால் வார்டே சிரிக்கும், டொக்டர் ஏசுவாள். சொல்லாவிட்டால் இவள் போய்விடுவாள். ஏறிட்டுப் பார்த்தான். ஸுஹைரா வேண்டாம் என்பதுபோலக் கண்ணைக் காட்டினாள்.

“நான்தான் டொக்டர்” என்றான். “டெய்லி காலையில இலைக்கஞ்சி காச்சிக் குடுத்தன். ஏழு மாசமா. நோன்பு வந்தோடன நிப்பாட்டிட்டன். கிளினிக்கில டொக்டர் கேட்டப்ப இல்லயெண்டு சொன்னன். வெக்கத்தில சொன்னன். என்ட பிழதான்.”

டொக்டர் ஏசவில்லை. கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். இலையில் இருக்கும் ஒரு சத்து இரத்தத்தை உறையவைக்கும், குளிசை அதைத் தடுக்கும், இரண்டும் ஏழு மாதமாக ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறது, ஒரு பக்கம் திடீரென்று கையை விட்டதால்தான் மற்றப்பக்கம் சாய்ந்துவிட்டது என்று விளங்கப்படுத்தினாள். பிறகு மருந்தொன்றை எழுதிக்கொடுத்து லேசாகச் சிரித்தாள். “இப்ப ரத்தத்தை நிப்பாட்ட நான் தாறதும் உங்கட கஞ்சியில இருந்த அதே சத்துத்தான். கொஞ்சமா, அளந்து. நீங்கள் அள்ளி அள்ளிக் குடுத்தீங்கள், அதுதான் வித்தியாசம்.”

மதியத்துக்குப் பிறகு இரத்தம் நின்றது. பஞ்சு வெள்ளையாக வந்தபோது ஸஜீத் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“எனக்குத் தெரியும்” என்றாள் ஸுஹைரா மெதுவாக.

“என்ன தெரியும்?”

“கீரை கூடாதெண்டு. கிளினிக்கில நீங்க வெளிய மரத்தடியில நிக்கக்குள்ள, பொம்புளயள் குந்திற வாங்குல வெச்சு மிஸ் சொன்னாங்க. மூணாம் மாசமே தெரியும்.”

அவனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. “தெரிஞ்சும் குடிச்சியா? உனக்கென்ன பைத்தியமா? கதவு இறுகி மௌத்தாப் போயிருந்தா?”

“வேணாமெண்டு சொன்னா நிப்பாட்டிருவீங்க” என்றாள் ஸுஹைரா. “பொறகு பழையபடி நீங்க பம்போட, நான் அடுப்போட. கோப்பையக் கொண்டாந்து வெச்சிட்டு, எனக்கு முன்னுக்கு குந்தி என்னயே பாத்துக்கிட்டு இருப்பீங்களே… இருவத்திரண்டு வருசத்தில அப்பிடி ஒரு நாள் பாத்திரிக்கீங்களா? நஞ்சத் தந்தாலும் குடிச்சிருப்பன்.”

ஸஜீதின் கோபம் அப்படியே கரைந்து கண்ணால் இறங்கியது. ஆம்பிளை அழுவதை வார்டு பார்க்கிறதே என்ற எண்ணம்கூட வரவில்லை. எழுந்தான். எங்கே தொட்டால் கன்றுமோ என்று பயந்து, அவளுடைய முக்காட்டுத் தாவணியின் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டான். வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

“உன்னில எனக்கு உசிரு, ஸுஹைரா. நீ இல்லாட்டி எனக்கு ஏலாது. நீ எனக்கு வேணும்.”

பழக்கமில்லாத வாய் அல்லவா, சத்தம் கூடிப்போனது. மிஸ் மருந்துத் தட்டோடு நின்றுவிட்டாள். மக்டலின் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்து, “கேட்டுச்சு தம்பி, எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு” என்றாள்.

ஸுஹைரா அழுதுகொண்டே சிரித்தாள். முரசு நொந்ததால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இத முந்தியே சொல்லி இருந்தா, அந்தக் கைக்கிற கஞ்சிய நான் ஒரு நாளும் குடிச்சிருக்க மாட்டன்.”