மேலே நிற்பவன்

மெஷினில் ஏறாத பெரிய மரங்களை எங்கள் ராயபுரம் படகுப் பட்டறையில் இன்னும் கையால்தான் அறுக்கிறோம். உயரத்தில் கிடத்திய மரத்தின் மேல் நின்று, கோடு பார்த்து ரம்பம் இழுப்பவன் ஜெரால்ட். கீழே நின்று, கண்ணெல்லாம் மரத்தூளாக இழுப்பவன் நான். பன்னிரண்டு வருஷம்! ஒருமுறை நான் மேலே ஏறட்டுமா என்று கேட்டதற்கு, "உனுக்குக் கோடு நேரா வராது மாமு" என்று சிரித்தான்.

போன வாரம் காய்ச்சலில் படுத்தேன். அதற்குள் ஜெரால்ட், அசோகன் என்று ஒரு புதியவனைச் சேர்த்துக்கொண்டானாம். எனக்கு வயிறு எரிந்தது. கோடு கோணிப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டே பட்டறைக்குப் போனேன்.

ரம்பம் சீராகத்தான் போய்க்கொண்டிருந்தது. மரத்தின் மேல் அசோகன் நின்றிருந்தான். கீழே, தலையெல்லாம் தூளாக, "அப்டித்தான் நைனா, சோக்கா போவுது" என்று இழுத்துக்கொண்டிருந்தான் ஜெரால்ட்.