சிரிப்பு பிரமாதம்

மூக்குக் கண்ணாடிக் கடையில் அவளுடைய வேலை, வருகிறவர்களுக்கு எதிரே நின்று காதுக்கும் மூக்குக்கும் சட்டத்தைப் பொருத்திவிடுவது. அப்படி ஒரு நாள் நின்றபோதுதான், பளிச்சென்று உடுத்தியிருந்த ஒரு அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். "நடிக்கிற ஆசை இருக்காம்மா? இந்த முகத்தைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்" என்று சொல்லி ஒரு கம்பெனியின் விசிட்டிங் கார்டை நீட்டினார்.

ஆசை இருந்தது. வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் அண்ணி.

அண்ணி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். காய்கறிக்காரரைக்கூட லேசில் நம்பமாட்டாள். ஆனால் விசிட்டிங் கார்டைப் பார்த்ததும் அவளுக்குத்தான் தலைகால் புரியவில்லை. "உங்க அண்ணன்கிட்ட இப்ப மூச்சு விடாத. வாய்ப்பு கையில வந்தப்புறம் சொல்லிக்கலாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். மூன்றாவது மாடியில் குளுகுளு அறை. சுவர் முழுக்கச் சிரிக்கும் முகங்கள். காத்திருந்தவர்களில் கைக்குழந்தையோடு ஒரு தாய் இருந்தாள். வழுக்கைத் தலையர் ஒருவர் இருந்தார். பல்லில் கம்பி கட்டிய இரட்டையர் இருந்தார்கள். எல்லோரையுமே 'இந்த முகத்தைத்தான் தேடினோம்' என்று சொல்லித்தான் அழைத்திருந்தார்கள். இது சரியாகப் படவில்லை என்று அவள் அண்ணியின் காதில் சொன்னாள். "படம்னா நாலு விதமான ஆளும் வேணும்டி" என்றாள் அண்ணி.

வரவேற்பில் அவளுடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு கேமரா அறை. கேமராவுக்குப் பின்னாலிருந்த இளைஞன் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னான்: "ஆஸ்பத்திரியில ஒருத்தருக்காக காத்திருக்கீங்க. வசனம் வேணாம்."

அண்ணன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த அன்று, அறுவை அரங்கின் வாசலில் உட்கார்ந்திருந்தது அவளுக்கு நினைவு வந்தது. பேசாமல் கதவையே பார்த்தாள். கண்ணீர் தானாக இறங்கியது. மூலையில் நின்ற அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

அடுத்தது மேனேஜரின் அறை. உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்கள்.

"வாழ்த்துகள்மா, செலக்ட் ஆயிட்டீங்க. பெரிய படம். நாங்க ஒரு பைசா வாங்கமாட்டோம். போட்டோ ஆல்பத்துக்கும் பயிற்சிக்கும் மட்டும் நீங்க கட்டிடணும்."

அவர் சொன்ன தொகை, வேறு வீடு பார்க்க அண்ணனும் அண்ணியும் சேர்த்து வைத்திருந்ததில் முக்கால்வாசி.

"யோசிச்சு நாளைக்குச் சொல்றோமே" என்றாள் அவள்.

"ஒரு இடம்தான் பாக்கி. நீங்க எழுந்து போனா, வெளிய இருக்கறவங்களுக்குப் போயிடும்."

அண்ணி கைப்பையைத் திறந்து வங்கிக் கார்டை எடுத்தாள். மேனேஜர் அதை வாங்கி மெஷினில் செருகினார்.

"அண்ணி, வேணாம்."

"நீ சும்மா இரு. ஆசையெல்லாம் மூட்டை கட்டி வெச்சுட்டு நான் தினமும் ஊசியும் கையுமா நிக்கிறேன்ல, அது போதும்."

மெஷின் பின் நம்பருக்காகக் காத்திருந்தது. அண்ணியின் விரல் ஒரு எண்ணைத் தொட்டது.

"சார், நான் சம்பாதிச்சாத்தானே உங்களுக்கும் லாபம்? முதல் சம்பளத்துல கழிச்சுக்கோங்களேன்" என்று அவள் குறுக்கிட்டாள்.

மேனேஜரின் முகம் ஒரு நொடி சுருங்கி மறுபடி விரிந்தது. "அது வழக்கமில்லம்மா."

"சரி, டெஸ்ட்ல நான் என்ன நல்லா பண்ணேன்? அதையாவது சொல்லுங்க."

"இப்பத்தான் பார்த்தேன். சிரிப்பு பிரமாதம்! வசனம் பேசுறதுலயும் நல்ல தெளிவு."

அண்ணியின் விரல் நின்றது. மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள்.

"இவ எங்க சிரிச்சா?"

மேனேஜர் மெஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒரு வார்த்தையாவது பேசினாளா? நான் அங்கயே நின்னு அழுதுக்கிட்டிருந்தேன். கார்டைக் குடுங்க."

"பாதியில நிறுத்துனா ரத்துக் கட்டணம் உண்டு" என்று எழுந்தவர் கதவை மறைத்து நின்றார். மெஷின் அவர் கையில் இருந்தது. "உட்கார்ந்து பேசலாம். குரலை உயர்த்தாதீங்க."

குரலை உயர்த்தக் கூடாது என்று அவர் சொன்ன பிறகுதான், அவர் எதற்குப் பயப்படுகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. அவருடைய கைக்கு அடியில் புகுந்து, கைப்பிடியைத் திருகிக் கதவை அகலத் திறந்தாள்.

"எங்க அண்ணியோட கார்டைக் குடுங்க!" வெளியே எல்லாத் தலைகளும் திரும்பின. "நான் அழுததைப் பார்த்துட்டு சிரிப்பு நல்லாருக்குன்னு சொல்றீங்களே! அந்த கேமரா ஓடவாவது ஓடுச்சா?"

இரட்டையர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். வழுக்கைத் தலையர் எழுந்து நின்றார். மேனேஜர் பல்லைக் கடித்தபடி மெஷினிலிருந்து கார்டை உருவி மேஜைமேல் எறிந்தார். வரவேற்புப் பெண் கேட்காமலேயே அடையாள அட்டையைத் தள்ளிவிட்டாள். வழுக்கைத் தலையர் அவர்களோடு வெளியே வந்துவிட்டார். கைக்குழந்தைக்காரி மட்டும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். "அக்கா, வாங்க" என்று கூப்பிட்டதற்கு, "எங்க டர்ன் வந்துடுச்சு" என்றாள்.

படியில் பாதி இறங்கியதும் அண்ணி உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாத்தையும் தொலைச்சிருப்பேன்டி."

"தொலைக்கலையே அண்ணி. எழுந்திருங்க, போலாம்."

அன்று மாலையே அண்ணி எல்லாவற்றையும் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். அவன் கத்துவான் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவன் கத்தவில்லை, வங்கிக்குப் போன் செய்து கார்டை முடக்கச் சொன்னான். பிறகு பாஸ்புக்கை எடுத்து அதன் கடைசிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

கம்பெனியிலிருந்து அந்த வாரம் முழுக்க அழைப்பு வந்தது. ஒவ்வொரு தடவையும் தொகை இறங்கியது. கடைசி அழைப்பை அண்ணி எடுத்துப் பேசினாள். அதற்குப் பிறகு போன் வாயைத் திறக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, ஒரு நாடகக் குழு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு அவள் போனாள். கட்டணம் கேட்கவில்லை, நாற்காலிகளை மட்டும் அடுக்கச் சொன்னார்கள். இயக்குநர் அம்மா அவள் நடித்து முடிக்கும்வரை அவள் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கண்ணு பேசுது. குரல் மூணாவது வரிசைக்கே வரல. இந்தத் தடவை இல்ல. குரலைச் சரிபண்ணிட்டு வா."

வீட்டுக்குள் நுழையும்போதே, "அண்ணி, முழுசா பார்த்துட்டுத்தான் என்னை வேணாம்னுட்டாங்க!" என்று கத்தினாள். அவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறாளே என்று அண்ணன் சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தான்.