ஹில்லாவின் இரண்டாவது ஊசி

...இன்னும் நாலு தீனி உருண்டை மீதம் கிடக்கிறதே, ஏன் தின்னவில்லை, சூடு போதவில்லையோ, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்து, மேலே ஒரு கரண்டி புளித்த பாலும் விட்டுத்தானே கொடுத்தேன், நேற்று இதே கிண்ணத்தை வழித்து நக்கினாளே, தின்னு ஹில்லா, தின்னுடி கண்ணு... போன வருஷம் இருந்த நாய்க்குட்டி முருவும் இப்படித்தான் ஆரம்பித்தாள், முதல் நாள் நாலு உருண்டை மீதம், மறுநாள் பாதிக் கிண்ணம், அப்புறம் தண்ணீரைக்கூட முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்... சும்மா இரு சிர்க்கா, என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், குட்டி வாலை ஆட்டுகிறது, மூக்கு ஈரமாக இருக்கிறது, வேறென்ன வேண்டும் உனக்கு. எதிரே என் கணவன் ஒஸ்ஸி, கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி, என்னைப் பார்க்காமலே சொல்கிறான், "இவளுக்கு எதுக்கு இன்னொரு ஊசி? முருவுக்கு ரெண்டும் போட்டோம். போட்டும் போய்ட்டா. சும்மா குத்திக்கிட்டு." முரு போனதிலிருந்து பத்து மாதமாக, ரெண்டும் போட்டோம் என்று இதே பேச்சு. நானும் பத்து மாதமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றேன். "குட்டியும் சாமான் வாங்குதா?" என்று சிரித்தான். சிரிக்கட்டும்.

வாசலிலிருந்து கார் வரை அவளைத் தூக்கிக்கொண்டுதான் நடந்தேன், கால் புல்லில் படக் கூடாது, முருவைக் கொன்ற அந்தக் கிருமி மண்ணில் ஒரு வருஷத்துக்கு மேல் உயிரோடு கிடக்குமாம், டாக்டர் சொன்னார், அப்படியென்றால் முரு இன்னும் இந்தத் தோட்டத்தில்தானே இருக்கிறாள், அவள் வாந்தி எடுத்த பிர்ச் மரத்தடியில், அவள் சுருண்டு படுத்த படியில்... ரெண்டும் போட்டோமாம். எங்கே போட்டோம்? ஒன்றுதான் போட்டோம். இரண்டாவது ஊசிக்கு வியாழக்கிழமை நேரம் வாங்கியிருந்தேன், நடுக்கோடைப் பண்டிகைக்கு முந்தின நாள், ஊரே ஏரிக்கரைக் குடிலுக்குக் கிளம்பும், மதியத்துக்கு மேல் சாலையில் கார் நகராது, முன்கூட்டியே போய்ச் சவுனாவை, அந்த நீராவிக் குளியலறையை, கழுவி வைக்கலாம், புது உருளைக்கிழங்கு வாங்கலாம் என்று, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், நான்தான் போன் போட்டு ரத்து செய்தேன். பண்டிகை முடிந்து போட்டால் போச்சு என்று நினைத்தேன். கரையில் யார் யாருடைய நாய்களோ, எல்லாவற்றோடும் முரு விளையாடினாள். ஒஸ்ஸி அவளுக்குக் குழி தோண்டும்போது அழுதான், முப்பது வருஷத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டான், "ரெண்டு ஊசியும் போட்டாச்சுதானே?" போட்டாச்சு என்றேன். அன்று மாலையே அவள் ஊசிப் புத்தகத்தைச் சவுனா அடுப்பில் போட்டேன், அட்டை எரிய எவ்வளவு நேரம் பிடித்தது, கடவுளே... இப்போது என் பொய்யையே சொல்லி இவளுக்கும் ஊசி வேண்டாம் என்கிறான், என்னால் இரண்டாவது குட்டியும் போக வேண்டுமா?

கால்நடை மருத்துவமனை வரவேற்பு மேசையில் அதே பெண், கன்னத்தில் மச்சம், நல்லவள். ஹில்லாவின் பெயரைக் கணினியில் தட்டியவள் நிமிர்ந்து பார்த்தாள். "வந்துட்டீங்களா, நல்லதாப் போச்சு. உங்க வீட்டுக்காரர் இப்பத்தான் போன் பண்ணார். குட்டி வந்துச்சா, இல்ல போன வருஷம் மாதிரி இந்தத் தடவையும் ரத்து பண்ணிட்டாங்களான்னு கேட்டார். ரத்துன்னா தானே கூட்டிட்டு வரதாச் சொன்னார்."

ஹில்லாவைத் தூக்கிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். டாக்டர் மேசையில் ஈரல் பசையைத் தடவினார், ஹில்லா அதை நக்குவதிலேயே குறியாக இருந்தாள், ஊசி ஏறியதுகூட அவளுக்குத் தெரியவில்லை, மேசையைச் சுத்தமாக வழித்துவிட்டு இன்னும் உண்டா என்று என்னைப் பார்த்தாள், பசிக்கிறது, நல்ல பசி, இவள் பிழைத்துக்கொள்வாள். அப்படியென்றால் நான் ரத்து செய்தது ஒஸ்ஸிக்கு எப்போதிலிருந்து தெரியும், குழி தோண்டும்போதேவா... தெரிந்துகொண்டேவா பத்து மாதம் என் எதிரே உட்கார்ந்து ரெண்டும் போட்டோம் என்றான், நான் பழியில்லாமல் இருக்கட்டும் என்றா, இல்லை, ஒரு தடவையாவது நான் வாயைத் திறந்து, இல்லை ஒஸ்ஸி, போடவில்லை என்று சொல்வேனா என்றா... இன்று காலையும் வெண்ணெய்க் கத்தியைப் பிடித்தபடி அதற்குத்தான் காத்திருந்தானா?